பிஸ்கட்டா, வேஃபரா? வீட்டிலிருந்து பேக்கரி தொடங்குவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது

2023-ல் சிவகாசியில் 5,000 கவர் அடித்தேன். மேலே பெரிய எழுத்தில் ‘ராகி பட்டர் வேஃபர்’. அந்தப் பெயரில் இருந்தது மூன்று சொல், மூன்றும் தப்பு. அச்சுக்கு வெட்டும் சிலிண்டர் செலவோடு சேர்த்து 31,000 ரூபாய் போனது.

என் சரக்கு நல்ல சரக்குதான். ராகி மாவும் மைதாவும் கலந்து, மெல்லிசாகத் தேய்த்து, வெட்டி, ஓவனில் சுட்டது. வாயில் போட்டால் மொறுமொறு என்று உடையும். ‘பிஸ்கட்’ என்று போட்டால் டீக்கடைப் பாட்டில் ஞாபகம் வருமே, ‘வேஃபர்’ என்றால் கொஞ்சம் உசத்தியாக இருக்குமே என்று நினைத்தேன், அவ்வளவுதான். என்னைப் போல வீட்டிலிருந்து தொடங்குகிறவர்கள் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக, எதை முதலில் செய்ய வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுகிறேன். கவர் அடிப்பது கடைசி வேலை. நான் அதைத்தான் முதலில் செய்தேன்.

1. உங்கள் மாவு பிசைந்ததா, கரைத்ததா?

என் இடத்தைப் பார்க்க வந்த உணவுப் பாதுகாப்பு அலுவலர் கவரைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையைச் சுற்றிப் பார்த்தார்.

“மேடம், வேஃபர் போடற மெஷின் எங்க இருக்கு?”

“மெஷின் எல்லாம் இல்ல சார். சப்பாத்தி மாதிரி தேய்ச்சு வெட்டுறதுதான்.”

“அப்போ இது பிஸ்கட்டுதானே?”

எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரிதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் மிக எளிது: பிஸ்கட் சப்பாத்தி வழி, வேஃபர் தோசை வழி.

பிஸ்கட்டுக்கு மாவில் கொழுப்பும் சர்க்கரையும் அதிகம், தண்ணீர் குறைவு. கெட்டியாகப் பிசைந்து, தேய்த்தோ அச்சில் அழுத்தியோ வெட்டி, ஓவனில் சுடுகிறோம். வேஃபருக்கு மாவைவிடத் தண்ணீர் அதிகம். தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்ட இரண்டு சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி மூட வேண்டும். தண்ணீர் ஆவியாகிப் பிய்த்துக்கொண்டு வெளியேறும்போது மாவு நுரைத்துத் தகடு முழுக்கப் பரவுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் காகிதம் மாதிரி ஒரு தாள் கையில் வரும். அதில் கிரீம் தடவி, அடுக்கி, ஆறவைத்து வெட்டினால் கடையில் விற்கும் கிரீம் வேஃபர். ஐஸ்கிரீம் கோனும் இந்தக் குடும்பம்தான்.

இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் கிரீம் வைத்தால் அது வேஃபர் ஆகாது, கிரீம் பிஸ்கட். மெல்லிசாக இருப்பதாலும் ஆகாது. தகடு இல்லையென்றால் வேஃபர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகடு வாங்கி உண்மையிலேயே வேஃபர் போடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேஃபர் தாளில் ஈரமே இருக்காது, அதனால் காற்றில் உள்ள ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் பத்து நிமிடம் வெளியே வைத்தாலே நமுத்துப் போகும். பிஸ்கட்டுக்குப் போதுமான சாதா பிளாஸ்டிக் கவர் இதற்குப் போதாது. உள்பக்கம் வெள்ளி நிறம் உள்ள மெட்டலைஸ்டு கவர் வேண்டும். கவர் செலவைக் கணக்குப் பார்க்காமல் வேஃபரில் இறங்காதீர்கள்.

2. யாரிடம் விற்கப் போகிறீர்கள்? அவர்கள் வாயில் அந்தச் சொல் என்ன?

சென்னை சவுகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரி போனில் “வேஃபர் இருக்கா? சாம்பிள் அனுப்புங்க” என்றார். சந்தோஷமாக 5 கிலோ கூரியரில் அனுப்பினேன். மறுநாள் போன்: “உருளைக்கிழங்கு எங்கம்மா?”

குஜராத்திலும் மும்பையிலும் வேஃபர் என்றால் உருளைக்கிழங்கு சிப்ஸ். வாழைக்காய் சிப்ஸையும் வேஃபர் என்பார்கள். வடநாட்டு வியாபாரிகளிடம் ஆர்டர் வாங்கும்போது பெயரைக் கேட்டு நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். கூரியர் காசு எனக்குப் போனது போனதுதான்.

இலங்கைத் தமிழர்களுக்கு அது விசுக்கோத்து. நம் ஊர்ப் பெரியவர்களும் பிஸ்கோத்து என்றுதான் சொல்வார்கள், அதனால் குழப்பம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் மூலம் விற்க நினைத்தால் கவனம் தேவை. அங்கே பிஸ்கட் என்றால் உப்பலான, மெத்தென்ற ஒரு பன். காலையில் கிரேவி ஊற்றிச் சாப்பிடுவார்கள். நம் பிஸ்கட் அவர்களுக்குக் குக்கி, உப்பு பிஸ்கட் என்றால் கிராக்கர். அங்கே விற்கும் வெனிலா வேஃபர் அடுக்கு வேஃபரே இல்லை, வட்டமான சின்னப் பிஸ்கட். அங்கே போகும் பாக்கெட்டில் குக்கி என்று எழுதினால்தான் விற்கும். பிரிட்டனுக்கு நம் சொல்லே சரி.

கத்தோலிக்கக் கோவிலில் பூசையின்போது கொடுக்கும் நற்கருணை அப்பம், பழையவர்கள் சொல்லும் ஓஸ்தி, அதுவும் தகட்டுக்கு நடுவில் சுடுவதுதான். ஆங்கிலத்தில் அதற்கும் வேஃபர் என்றே பெயர். வரிப் பட்டியலில் பிஸ்கட் இருக்கும் அதே தலைப்பில் அதுவும் இருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

3. உணவுப் பாதுகாப்புப் பதிவு

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்கும்தான். நான் பதிவு செய்த 2023-ல் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால் அடிப்படைப் பதிவு, அதற்கு மேல் போனால் உரிமம். பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஐந்தாண்டுக்குச் சேர்த்து 500 கட்டினேன். வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை, கட்டும் அன்று ஒருமுறை தளத்தில் பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் ஃபோஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே மாதிரி முகப்பு வைத்து ஆயிரக்கணக்கில் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். எங்கள் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கேட்டார்கள். 100 ரூபாய் வேலைக்கு.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட் அளவு புகைப்படம், ஆதார், இடத்துக்குச் சான்றாக மின்கட்டண ரசீது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தமும் வீட்டுக்காரர் சம்மதக் கடிதமும் எடுத்து வையுங்கள், கேட்காமலும் இருக்கலாம். என்னென்ன தயாரிக்கிறீர்கள் என்ற பட்டியலும் வேண்டும்.

அந்தப் பட்டியலில்தான் பொறி. உணவு வகைகள் எண் வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பேக்கரிப் பொருள்கள் 7. சிப்ஸ் போன்ற உடனே சாப்பிடும் காரவகைகள் 15. ‘வேஃபர்’ என்று மனதில் வைத்துக்கொண்டு நான் 15-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஆய்வுக்கு வந்தவர் கவரோடு அதையும் பார்த்துத்தான் மெஷினைக் கேட்டார். திருத்தி மறுபடி அனுப்பியதில் மூன்று வாரம் வீண்.

பிஸ்கட்டுக்கான 2011 விதி ‘பிஸ்கட், வேஃபர் பிஸ்கட் உட்பட’ என்றே தொடங்குகிறது. ஆக உணவுச் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே வீடு, ஒரே தர அளவு. அமிலத்தில் கரையாத சாம்பல் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பிரித்தெடுத்த கொழுப்பின் அமிலத்தன்மை 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கேட்க ஏதோ கெமிஸ்ட்ரி மாதிரி இருக்கும். முதலாவது, மாவில் மண், கல் இருக்கிறதா என்ற சோதனை. ராகியைக் கழுவி, கல் நீக்கி, காயவைத்து அரைத்தால் பிரச்சினை இல்லை. கடையில் மூட்டையாக வாங்கும் ராகி மாவை நம்பினால் இங்கே மாட்டுவீர்கள். இரண்டாவது, நெய்யோ எண்ணெயோ காறிப்போய்விட்டதா என்பது. மூக்கில் காறல் வாடை லேசாக அடித்தாலே அந்த டின்னை ஒதுக்கிவிடுங்கள்.

பதிவு கையில் வர 7 நாள் என்பது விதி. ஆய்வு தேவை என்று அவர்கள் முடிவு செய்தால் 30 நாள் வரை இழுக்கும். வந்த 14 இலக்க எண்ணைப் பத்திரமாக வையுங்கள், லேபிளில் அது வேண்டும்.

4. தராசுக்கு முத்திரை, பாக்கெட் போடுவதற்குப் பதிவு

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எடைபோட்டு, மூடி, விலை போட்டு விற்றால் நீங்கள் ‘பொட்டலமிடுபவர்’. தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் பதிய வேண்டும்; பாக்கெட் போடத் தொடங்கிய 90 நாளுக்குள், கட்டணம் 500 ரூபாய். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். ஆன்லைனில் வாங்கும் 400 ரூபாய் சமையலறைத் தராசு இதற்கு ஆகாது, அதற்கு முத்திரையே போட மாட்டார்கள். முத்திரைக்கு உரிய மாடலா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

5. ஜிஎஸ்டி: குறியீட்டு எண்ணில் சொல் மாறினால்

தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெங்களூருவில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு பாக்கெட் விற்றாலும் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. முதல் ரூபாயிலேயே பதிவு வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், வங்கிக் கணக்கு, இடச் சான்று போதும். பதிவு இல்லாதவர் பில்லில் வரி வாங்கவே கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதிவு செய்தபின் பில்லில் ஹெச்.எஸ்.என். எண், அதாவது சரக்கு எந்த வகை என்று சொல்லும் குறியீட்டு எண், போட வேண்டும். பிஸ்கட், வேஃபர், ரஸ்க், கேக், அப்பளம்கூட, எல்லாம் 1905 என்ற தலைப்பில். அதற்குள் இப்படிப் பிரியும்:

இனிப்பு பிஸ்கட் 1905 31. வாஃபிள், வேஃபர் 1905 32. ரஸ்க் 1905 40. உப்பு பிஸ்கட் மாதிரி மற்ற பிஸ்கட்கள் 1905 90-க்குள்.  உருளைக்கிழங்கு ‘வேஃபர்’ இந்தத் தலைப்பிலேயே இல்லை. அது காய்கறித் தயாரிப்பு, 2005.

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ரஸ்க் ஏற்கெனவே 5. அதனால் முன்பு இருந்த ‘இது பிஸ்கட்டா ரஸ்க்கா’ சண்டை இப்போது பெரிதாக இல்லை. ஆனாலும் பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் 18 அப்படியே உட்கார்ந்திருக்கும், ஒருமுறை திறந்து பாருங்கள். விற்றுமுதல் 5 கோடிக்குள் உள்ளவர்கள் வியாபாரிகளுக்குத் தரும் பில்லில் முதல் நான்கு இலக்கம் போட்டால் போதும். பெரிய சூப்பர் மார்க்கெட்காரர்கள் எட்டு இலக்கமும் கேட்பார்கள். அப்போது 31-ஆ 32-ஆ என்பதில் தப்பு செய்தால் சரக்கு கோடவுன் வாசலில் நிற்கும்.

6. லேபிள்: பணம் இங்கேதான் கரையும்

எழுத்து எந்த மொழியில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. எனக்கும் இதில் வருத்தம்தான், விதி அப்படி.

பெயர்: உண்மையில் அது என்னவோ அதைச் சொல்ல வேண்டும். ‘பட்டர் பிஸ்கட்’ என்று நம் ஊர் பேக்கரியில் சொல்வதில் பாதிக்கு மேல் டால்டாதான். கண்ணாடிப் பாட்டிலில் வைத்து உதிரியாக விற்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். அச்சடித்த கவரில் வெண்ணெய் என்று போட்டு உள்ளே வனஸ்பதி இருந்தால் அது தவறான பெயரிட்ட உணவு. சட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் உண்டு. என்னுடையதில் பாதி வெண்ணெய், பாதி டால்டா. இப்போது முழுக்க நெய்க்கு மாறிவிட்டேன், விலையையும் ஏற்றிவிட்டேன்.

பெயரில் ‘ராகி’ என்றோ ‘தேன்’ என்றோ போட்டாலும், கதிர்ப் படம் வரைந்தாலும், அந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் ‘ராகி 22%’ என்று வந்திருக்கும், அதைப் பார்த்து வாங்குகிறவர் மீதி என்ன என்று கேட்டிருப்பார். இன்று 55 சதவீதம். மாவு உதிராமல் அந்த அளவுக்குக் கொண்டுவர நாலு மாதம் பிடித்தது.

சேர்மானங்கள்: அதிகம் உள்ளது முதலில், குறைந்தது கடைசியில். ‘மைதா’ என்று மட்டும் போடாமல் சுத்திகரித்த கோதுமை மாவு என்று சேர்த்துப் போட வேண்டும். ‘தாவர எண்ணெய்’ என்று மொட்டையாக விடாமல் பாமாயிலா, சூரியகாந்தியா என்று சொல்ல வேண்டும். சேர்க்கைப் பொருள்களுக்கு ஐ.என்.எஸ். என்ற சர்வதேச எண் போட வேண்டும்: பேக்கரி மாஸ்டர்கள் ‘அமோனியா’ என்று சொல்லும் அமோனியம் பைகார்பனேட்டுக்கு 503(ii), சோடா உப்புக்கு 500(ii). கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி மாதிரிப் பருப்பு வகைகள், சோயா இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கை தனியாக.

முட்டை சேர்த்தால் பச்சைப் புள்ளி கிடையாது. முட்டை பிஸ்கட் சட்டப்படி அசைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். ‘முட்டைதானே’ என்று பச்சைப் புள்ளி வைக்கும் வீட்டுத் தயாரிப்பாளர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

பிறகு உங்கள் பெயர் முகவரி, நிகர எடை, தொகுப்பு எண், தயாரித்த நாள், காலாவதி நாள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் எண்ணும், புகார் சொல்லத் தொலைபேசி எண், எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி., ஒரு கிராமுக்கு விலை. 150 கிராம் 75 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.50 ரூபாய் என்று போட வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணைக்கு அங்கீகாரம் பெற்ற லேபில் பரிசோதனை செய்தேன். ஒரு ரகத்துக்குச் சுமார் 5,000 ரூபாய், பத்து நாள். இரண்டு ரகம் செய்தால் இரண்டு பரிசோதனை. அதனால் தொடக்கத்தில் ஒரே ரகத்தோடு நில்லுங்கள்.

காலாவதி நாளைப் பக்கத்துக் கடைப் பாக்கெட்டைப் பார்த்துப் போடாதீர்கள். ஒரே நாளில் சுட்ட இருபது பாக்கெட்டை அலமாரியில் வைத்து, வாரம் ஒன்றைப் பிரித்து மோந்து, கடித்து, நோட்டில் எழுதுங்கள். என் நெய் பிஸ்கட்டில் பத்தாவது வாரம் காறல் தட்டியது. நான் 45 நாள் போடுகிறேன்.

7. இப்போது கவர்

முதல் மூன்று மாதம் அச்சடித்த கவரே வேண்டாம். நிற்கும் மாதிரி சாதாக் கவர் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஸ்டிக்கர் ஒன்று இரண்டு ரூபாய்க்குள் முடியும், 200 அடித்தாலும் தருவார்கள். விலை மாறினாலும் விதி மாறினாலும் நஷ்டம் சில நூறு ரூபாயோடு போகும். அச்சடித்த கவருக்கு நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும், எழுத்து ஒன்று மாறினாலும் புதுச் சிலிண்டர். அச்சகத்தில் புரூஃப் வந்ததும் வீட்டில் ஒருவர், வெளியே ஒருவர் என்று இரண்டு பேரிடம் காட்டுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரில் காட்டிக் கேட்டாலும் சொல்கிறார்கள். என்னிடம் மெஷின் எங்கே என்று கேட்டவரே இரண்டாவது லேபிளை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்திக் கொடுத்தார்.

இந்த வரிசையில் போனால் இரண்டரை மாதத்தில் முதல் பாக்கெட் கடைக்குப் போகும். ஒரு ரகத்துக்குப் பதிவுகள், தராசு, லேப், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள்; ஓவன் செலவு தனி.

என் பாக்கெட்டில் இப்போது ‘ராகி நெய் பிஸ்கட்’ என்று இருக்கிறது. பழைய கவரில் 4,000-க்கு மேல் மீந்தது, விற்கவும் முடியாது, எரிக்கவும் மனமில்லை. எங்கள் வீட்டில் கறிவேப்பிலை, வத்தல், மாவு வடகம் எல்லாம் இரண்டு வருடமாக வேஃபர் கவரில்தான் இருக்கிறது. போன வாரம் மாமியார் ஊரிலிருந்து வந்தவர் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னடி, வேஃபருன்னு போட்டு வெந்தயம் இருக்கு?” என்கிறார்.